இல்லையா என்று கேட்டால்

ருக்கையாவுக்கு இங்கிலீஷ் வராது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அப்படிச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போய்விட்டார். இன்னொருத்தி ருக்கையாவேதான்.

டன்லப் ஸ்திரீட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் இரண்டு குடும்பங்களும் குடியிருந்தன. தெருப்பக்கத்து அறைகள் அவர்களுக்கு, பின்னால் இருந்த ஒற்றை அறை எங்களுக்கு, சமையற்கட்டு பொது. கீழே அவள் வாப்பா ஒலி முகம்மதின் மளிகைக்கடை. என் அப்பா துறைமுகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தார். காலையில் வெள்ளைச் சட்டையோடு போவார், மாலையில் அதே சட்டை காக்கி நிறத்தில் திரும்பி வரும். எனக்குப் பூவம்மா என்று பெயர். பள்ளிக்கூடத்தில் அது யார் வாயிலும் நுழையாமல் 'பூவா' என்று சுருக்கிவிட்டார்கள். எனக்கு அதில் கோபம்தான். ஆனால் சுருக்கியவர்கள் டீச்சர்கள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு நாங்கள் இருவரும் பள்ளியின் கடைசி வகுப்பான சீனியர் கேம்பிரிட்ஜில் இருந்தோம். எனக்குப் பதினாறு, அவளுக்குப் பதினெட்டு. ஜப்பான்காரன் போகும்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் சேரும் வயது. ஆனால் பெண்பிள்ளையை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பலாமா என்று யோசித்து முடிக்க அவள் வாப்பாவுக்குச் சில வருஷங்கள் பிடித்தன. எங்கள் பள்ளியில் ஒரு சட்டம் இருந்தது. வயது மீறிய பெண் தவறிவிட்டால் அதே வகுப்பில் மறுபடி உட்கார முடியாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கேம்பிரிட்ஜ் பரீட்சை வருஷக் கடைசியில் வரும். அதற்கு முன்னால் பள்ளியே ஒரு பரீட்சை வைத்து, தேறியவர்கள் பெயரை மட்டும் பெரிய பரீட்சைக்கு அனுப்பும். மற்ற பாடங்களில் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தாலும் கண்டுகொள்ள மாட்டார்கள். இங்கிலீஷில் போனால் எல்லாமே போன மாதிரி.

ருக்கையா டீச்சர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்று இருந்தாள். அவள் வாப்பாவுக்கு வேறு யோசனை. ஜொகூர் பாருவில் அரிசிக்கடை வைத்திருந்த அப்துல் முத்தலிபின் மனைவி இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு சின்னப் பிள்ளைகள். நல்ல மனிதர், தொழுகை தவறாதவர், யாரைப் பற்றியும் கெட்டதாக ஒரு வார்த்தை பேசாதவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர் ஒருமுறை வீட்டுக்கு வந்தபோது ருக்கையா கதவுத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். திரைக்கும் தரைக்கும் நடுவே தெரிந்தது அவருடைய கால்கள் மட்டுந்தான். "கால் நல்லாத்தான் இருக்கு லா. மிச்சத்தை உம்மா பார்த்துக்கிட்டாங்க" என்றாள் என்னிடம்.

அவள் வாப்பா கத்துகிறவர் அல்ல. கத்துகிற மனிதராக இருந்தால் எதிர்த்துக் கத்தலாம். அவர் ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, எங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"இந்தா பாரு புள்ள. உன் பேரு அந்தப் பெரிய பரீட்சைக்குப் போகட்டும். போச்சுன்னா நீ டீச்சருக்குப் படி, நான் தடுக்க மாட்டேன். முத்தலிப்கிட்ட வேற எடம் பாத்துக்கச் சொல்லிடறேன். போகலேன்னா நீ என்னைத் தடுக்கக் கூடாது. சரிதானா?"

"சரி வாப்பா" என்றாள் ருக்கையா. அன்று அவள் முகத்தில் இருந்த தைரியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

எங்களிடம் இருந்தது ஒரே ஓர் இலக்கணப் புத்தகம். அட்டை போய், முதல் பாடமும் போய், எடுத்த எடுப்பில் வினைச்சொல்லில் தொடங்கும். பள்ளி விட்டு வந்ததும் சமையற்கட்டில் உட்காருவோம். அவள் கடைக்கு மிளகாய்க் காம்பு கிள்ளுவாள். நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்பேன். கோ, வென்ட், கான். டூ, டிட், டன். ஸ்விம், ஸ்வாம், ஸ்வம்.

"நம்ம ரெண்டு பேருக்கும் நீச்சலே தெரியாது. இதுல மூணு காலத்துலயும் நீந்தணுமாம்" என்பாள், கையை முகத்தில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு.

'எ' எங்கே வரும், 'தி' எங்கே வரும் என்பது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. வாய்க்கு வந்தபடி போடுவேன். அவளுக்கு அது பிடிபட்டுவிட்டது. "முன்னப்பின்ன தெரியாத ஆளு வந்தா 'எ'. அதே ஆளு மறுபடி வந்தா 'தி'. முத்தலிப் முதல்ல 'எ மேன்'. இப்ப 'தி மேன்' ஆயிட்டாரு" என்று விளக்கினாள். எந்த டீச்சரும் எனக்கு இதை இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

சொற்களை மனப்பாடம் செய்ய தேக்கா மார்க்கெட் போதும் என்பாள். உம்மா சாமான் வாங்க அனுப்பினால் என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். இங்கிலீஷில் மீனுக்கு ஒரு கூட்டப் பெயர், வாத்துக்கு ஒன்று, தேனீக்கு ஒன்று, திருடர்களுக்கு ஒன்று. "மாட்டுக்கு மந்தை, மனுசனுக்குக் கூட்டம். தமிழ்ல அதோட விட்டுட்டாங்க. இவங்களுக்குச் சிங்கத்துக்குக்கூடத் தனியா ஒண்ணு வேணும். சிங்கம் என்ன தினமும் வாசல்ல வந்து நிக்குதா?" என்று முணுமுணுத்துக்கொண்டே அதையும் படித்துவிடுவாள்.

வாசிப்புக்குக் கடையிலேயே வழி இருந்தது. சாமான் மடிக்க அவள் வாப்பா பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை எடைக்கு வாங்குவார். மஞ்சள் தூளுக்கும் சீரகத்துக்கும் கிழித்து அடுக்கி வைத்திருக்கும் துண்டுகளை ருக்கையா மேலே கொண்டுவந்து படிப்பாள். ஒரு கொலை வழக்கு நன்றாகச் சூடுபிடிக்கும்போது தாள் கிழிந்திருக்கும். மீதி எந்த வீட்டுச் சீரகத்தோடு போனதோ. அவள் விடமாட்டாள், மிச்சத்தைத் தானே எழுதிவிடுவாள்.

"என்னடி, அந்த ஆளைத் தூக்குல போட்டுட்டே?" என்று கேட்டேன் ஒருமுறை.

"பாஸிவ் வாய்ஸ்ல போட்டிருக்கேன். அதுல யாரு போட்டாங்கன்னு சொல்ல வேணாம். ரொம்ப வசதி."

பள்ளியில் கொடுக்கும் வாசிப்புப் பகுதிகளில் எப்போதும் பனி பெய்யும். வேலி ஓரம் ஒரு சிட்டு உட்கார்ந்திருக்கும். கணப்பில் தீ எரியும். எங்களுக்கோ வேர்வையில் தாள் கையோடு ஒட்டும். குளிர் எப்படி இருக்கும் என்று தெரியாமல் அந்தக் கேள்விகளுக்கு விடை எழுதுவது ருக்கையாவுக்குப் பிடிக்கவில்லை. சிராங்கூன் ரோட்டில் ஐஸ் கட்டி விற்கும் சீனரின் கடையில் போய் நின்று, மரத்தூளை விலக்கி, கட்டிமேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவே இல்லை. சீனர் பயந்துபோய் மலாயில் திட்டினார். கை சிவந்து, பிறகு வெளுத்தது.

"முதல்ல சுடுது, பூவு. குளிர்னா ஜில்லுனு இருக்கும்னு நினைச்சேன். சுடுது. அதுக்கப்புறம் கை நம்மளுது இல்லாத மாதிரி ஆயிடுது" என்றாள். எனக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. இப்படிப் படிக்கிறவள் தேறாமல் யார் தேறப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பள்ளிப் பரீட்சை வந்தது. இலக்கணம் எங்களுக்குச் சுலபமாகவே இருந்தது. வாசிப்பில் ஒரு நரி வந்தது, சமாளித்துவிட்டோம். கட்டுரைக்குத் தலைப்பு 'ஒரு காலைப்பொழுது'. நான் தேக்கா மார்க்கெட்டைப் பற்றி எழுதினேன். எழுதியவரைக்கும் அதில் மீன் இருந்தது, நண்டு இருந்தது, நிறைய 'எ'யும் 'தி'யும் இருந்தன. ருக்கையா பனி பெய்யும் ஒரு காலையைப் பற்றி எழுதினாள். ஒரு கிழவர் விடியற்காலையில் கதவைத் திறந்து, தன் கடை முன்னால், எங்கள் தெருவில் இருப்பது போன்ற அஞ்சடி நடைபாதையில் விழுந்து கிடக்கும் பனியைப் பெருக்குகிறார். கையுறை இல்லை. குளிர் முதலில் சுடுகிறது, பிறகு கை அவருடையதாக இல்லாமல் போகிறது. எதிர்க்கடை திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்று அவருக்கு மட்டும் தெரியும். வீட்டுக்குத் திரும்பும் வழியில் செலிகி ரோடு முழுவதும் எனக்கு அதைச் சொல்லிக்கொண்டே வந்தாள். முடிவைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில நாள் கழித்துத் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர் பெயர் மிஸஸ் ஹார்வி. இங்கிலாந்திலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வெயிலில் முகமெல்லாம் கொப்புளம் வந்தும் குடை பிடிக்காமல் மைதானத்தில் நின்று பிள்ளைகளுக்குப் பந்து விளையாடச் சொல்லித் தருவார். அறையில் எங்கள் வகுப்பு டீச்சர் மிஸ் டி குரூசும் இருந்தார். நான் வராந்தாவில் ஜன்னலோரம் நின்றேன். உள்ளே பேசுவது நன்றாகவே கேட்டது.

மிஸஸ் ஹார்வி கட்டுரைத் தாளைக் கையில் வைத்திருந்தார். மிகவும் நன்றாக இருக்கிறது என்று முதலில் சொன்னார். பிறகு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"நோபடி ஹெல்ப்டு யூ?"

யாரும் உனக்கு உதவவில்லையே என்று கேட்கிறார். ருக்கையா நிமிர்ந்து நின்று, "யெஸ், மேடம்" என்றாள்.

"யூ டிட் நாட் டேக் திஸ் ஃப்ரம் எ புக்?"

எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லையே என்கிறார்.

"யெஸ், மேடம்" என்றாள் ருக்கையா, இன்னும் கொஞ்சம் சத்தமாக.

தாளை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மிஸஸ் ஹார்வி, "தேங்க்யூ, ருக்கையா. நீ உண்மையைச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்" என்றார்.

அவள் வெளியே வந்தபோது தரையில் கால் பாவவில்லை. "மேடம் தேங்க்யூ சொன்னாங்க. உண்மையைச் சொன்னதுக்குச் சந்தோஷம்னாங்க. கேட்டுச்சா?" என்றாள். கேட்டது. நானும் அவளுக்குக் குறையாமல் பூரித்துப்போனேன். பள்ளி வாசலில் கச்சாங் பூத்தேக்காரரிடம் ஆளுக்கொரு காகிதக் கூம்பு கடலை வாங்கி, டிராலி பஸ்ஸில் ஏறாமல் கொறித்துக்கொண்டே நடந்தோம். அவள் சொன்ன பதிலில் ஏதோ தப்பு இருக்கிறது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அந்த இலக்கணப் புத்தகத்திலும் அது எங்கும் இல்லை.

வெள்ளிக்கிழமை பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை.

தட்டச்சில் விட்டிருப்பார்கள் என்று நினைத்து நான்தான் மிஸ் டி குரூசிடம் ஓடினேன். ருக்கையா தூணைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். மிஸ் டி குரூஸ் இங்கேயே பிறந்து வளர்ந்த யூரேசியர், எங்களிடம் பிரியமாக இருப்பவர். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அவள் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாள், பூவா. அவளே ஒப்புக்கொண்டாள். நானும் கூட இருந்தேனே."

"ஒப்புக்கொள்ளவில்லை, மிஸ். எடுக்கவில்லைதானே என்று மேடம் கேட்டார். அவள் யெஸ் என்றாள்."

"அதைத்தான் சொல்கிறேன். யெஸ் என்றாள்."

"யெஸ், மிஸ். எடுக்கவில்லை என்று யெஸ்."

மிஸ் டி குரூஸ் என்னை உற்றுப் பார்த்தார். அவருக்கு மெல்ல மெல்ல விளங்குவது முகத்தில் தெரிந்தது. "எடுக்கவில்லை என்றால் நோ என்றல்லவா சொல்ல வேண்டும்?" என்றார்.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. "நீ சாப்பிடலையா?" என்று யாராவது கேட்டால், சாப்பிடாதவள் "ஆமா" என்பாள். ஆமா, நீங்கள் சொல்வது சரிதான், சாப்பிடவில்லை என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து நாங்கள் அப்படித்தான் சொல்லி வளர்ந்தோம். இங்கிலீஷில் அது தலைகீழ். அங்கே யெஸ் என்றால் சாப்பிட்டேன் என்றே அர்த்தம், கேள்வி எப்படி வந்தாலும் சரி. உதவவில்லையே என்றார், யெஸ் என்றாள்: உதவினார்கள். எடுக்கவில்லையே என்றார், யெஸ் என்றாள்: எடுத்தேன். பின்னொரு நாள் வகுப்பில் பக்கத்துப் பெண்களைக் கேட்டுப் பார்த்தேன். மேரி டானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன் என்றாள், ஜைனப்பும் அப்படித்தான் என்றாள். ஆனால் அந்த அறையில் நின்றது அவர்கள் இல்லை.

மிஸ் டி குரூஸ் நல்லவர், உடனே என்னையும் கூட்டிக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனார். மிஸஸ் ஹார்வி முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"யெஸ்ஸுக்கும் நோவுக்கும் வித்தியாசம் தெரியாத பெண்ணா இந்தக் கட்டுரையை எழுதினாள்?"

அவள் இங்கிலீஷில் தப்பாகப் பதில் சொன்னாள் என்றால், அவளால் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க முடியாது. சரியாகப் பதில் சொன்னாள் என்றால், திருடியதை ஒப்புக்கொண்டுவிட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கதவு சாத்தியிருந்தது.

நான் விடவில்லை. என் உடைந்த இங்கிலீஷில், பனி பெய்யும் ஊரில் நம் அஞ்சடி எங்கே வரும், எந்தப் புத்தகத்தில் வரும் என்று கேட்டேன். பார்த்து எழுதுகிறவர்கள் அங்கங்கே மாற்றுவது வழக்கந்தான் என்றார் அவர். கட்டுரையில் ஓரிடத்தில் விரலை வைத்துக் காட்டினார். "குளிர் முதலில் சுடும். இந்தத் தீவை விட்டு வெளியே போகாத ஒரு பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்?" ஐஸ் கடையைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. "நீ நல்ல தோழி" என்றார். அந்த வார்த்தையை நான் மன்னிக்கவே மாட்டேன்.

ருக்கையாவிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்து, இன்னொரு காம்பைக் கிள்ளிவிட்டு, "அப்ப எனக்கு இங்கிலீஷ் வராது" என்றாள். நான் அவளை அடிக்கக் கை ஓங்கினேன். அவள் விலகவில்லை.

வாப்பா விஷயத்தைக் கேட்டு, கடையைப் பாதியில் சாத்திவிட்டு மேலே வந்தார். மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். "என் புள்ள திருடி எழுத மாட்டா. அது எனக்குத் தெரியும். யாரு வந்து சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்" என்றார். ருக்கையா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு வினாடி உயிர் வந்தது.

"ஆனா பேரு போகலையேம்மா" என்றார் வாப்பா. "நாம பேசிக்கிட்டது பேசிக்கிட்டதுதான்."

அவர்மேல் எனக்கு வந்த கோபம் மிஸஸ் ஹார்விமேல் வந்ததைவிடப் பெரிது. அந்த அம்மாளுக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும், தெரிந்தும் கதவைச் சாத்தினார். என் அப்பாவிடம் போய்ப் பேசச் சொன்னேன். "அவங்க வீட்டு விஷயம், நாம நுழையக் கூடாது" என்றார் அப்பா. துறைமுகத்தில் யாருடைய மூட்டை தண்ணீரில் விழுந்தாலும் அவர் இப்படித்தான் சொல்வார் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு நான் பெரிய பரீட்சைக்குப் படித்தேன். ருக்கையாவும் என்னோடு உட்கார்ந்தாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. அவள் படித்தது ஒரே பாடம். "நீ போகலையா?" என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். "நோ, ஐ டிட் நாட்" என்பாள். "உனக்குப் பசிக்கலையா?" "யெஸ், ஐ ஆம் ஹங்ரி." நாள் முழுக்க இதே ஜபம். கொஞ்ச நாளில் அது அவளுடைய தமிழுக்குள்ளும் நுழைந்துவிட்டது. உம்மா அடுப்படியிலிருந்து, "ஆணத்துக்கு உப்புப் போடலையாடி?" என்று கேட்பார். போட்டிருப்பாள். "ஆமா" என்பாள், போட்டுவிட்டேன் என்ற அர்த்தத்தில். உம்மா, போடவில்லையாக்கும் என்று இன்னொரு கை அள்ளிப் போடுவார். குழம்பை வாயில் வைக்க முடியாது. மூன்று நான்கு முறை இப்படி நடந்தது. கல்யாணப் பெண்ணுக்கு நினைவெல்லாம் ஜொகூரில் இருக்கிறது என்று உறவுக்காரப் பெண்கள் கேலி செய்தார்கள். நான் அவளைத் தனியாக அழைத்து, "தமிழ்ல தமிழ் மாதிரி பேசு" என்றேன்.

"எது தமிழு, எது இங்கிலீஷுனு பார்த்துப் பார்த்துச் சொல்ல முடியல பூவு. ஒண்ணை உறுதியாப் பிடிச்சுக்கிட்டேன். இனிமே யாரு எப்படிக் கேட்டாலும் எனக்கு உண்டுன்னா ஆமா, இல்லேன்னா இல்ல" என்றாள்.

என் பரீட்சை முடிந்த மாதமே அவளுக்கு நிக்காஹ் வைத்தார்கள். கீழே கடையில் சாமான்களை ஒதுக்கிப் பாய் விரித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஜொகூரிலிருந்து இரண்டு காரில் பாலம் தாண்டி வந்திருந்தார்கள். மாடியில் பெண்கள். எனக்கு ருக்கையாவின் பக்கத்தில் இடம் கொடுத்தார்கள். அவள் கை என் கையில் இருந்தது. மருதாணி வாசனையும் பன்னீர் வாசனையும் சேர்ந்து எனக்குத் தலையை வலித்தது.

பெண்ணின் சம்மதத்தைக் கேட்க உம்மாவின் அண்ணன் யாக்கூப் மாமா இரண்டு சாட்சிகளோடு மேலே வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பெண் வாய் திறக்க வேண்டும் என்றுகூட இல்லை. பேசாமல் இருந்தாலே சம்மதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். யாக்கூப் மாமா பிரியமான மனிதர். ஓதியபடி ஒப்பிக்காமல், மருமகளிடம் பேசுகிற குரலில் கேட்டார்.

"ருக்கையாம்மா, முத்தலிபை நிக்காஹ் செஞ்சுக்கறதுல உனக்கு மறுப்பு ஒண்ணும் இல்லையேம்மா?"

என் விரல்களை ருக்கையா இறுக்கிப் பிடித்தாள். தலையை நிமிர்த்தினாள். திரைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்றே, தெளிவாகச் சொன்னாள்.

"ஆமா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் யாக்கூப் மாமா. சாட்சிகளும் சொன்னார்கள். மூன்று பேரும் படியிறங்கினார்கள். பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். இவ்வளவு சத்தமாகச் சம்மதம் சொன்ன பெண்ணை இந்தத் தெருவில் பார்த்ததில்லை என்று அவர்கள் உறவுக்கார பரீதா மாமி என் தோளில் தட்டினார்.

மறுப்பு இல்லையே என்று கேட்டார். ஆமா என்றாள். உண்டு என்றாள். அவள் உண்டு என்றுதான் சொன்னாள். நான் எழுந்து, பெண்களைத் தாண்டி, வாசற்படியருகே நின்றிருந்த உம்மாவின் கையைப் பிடித்தேன்.

"மாமி, அவ வேணாம்னு சொல்றா. கீழ போய்ச் சொல்லுங்க. மறுப்பு இருக்குன்னு சொல்றா."

உம்மா என்னைத் திகைத்துப் பார்த்தார். "என்ன பூவு இது, நல்ல நேரத்துல? ஆமான்னு சொன்னாளே. நானும் இங்கதானே நின்னேன்."

மிஸ் டி குரூஸ் சொன்ன அதே வார்த்தை. அவளுடைய ஆமா, நம்முடைய ஆமா இல்லை என்று எந்தத் தமிழச்சியிடம் போய்ச் சொல்வேன்? கீழே மாப்பிள்ளையிடம் கேட்பது லேசாகக் கேட்டது. அவர் சம்மதித்ததும் கேட்டது. பிறகு எல்லோரும் சேர்ந்து துஆ ஓதத் தொடங்கினார்கள்.

நான் திரும்பி வந்து ருக்கையாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. முக்காட்டைச் சற்று விலக்கி என் காதருகே குனிந்தாள்.

"இந்தத் தடவை சரியாச் சொன்னேனா?" என்று கேட்டாள்.

"சரியாச் சொன்னே" என்றேன்.